போலீஸ் வேலையில் பெண் என்பதற்காக ஒதுக்கினால்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"கேஸ் போட முடியுமா?" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி. முடியும். ஆனால் எங்கே போடுவது, எத்தனை நாளுக்குள் போடுவது என்பதெல்லாம் உங்கள் சம்பளச் சீட்டில் முதலாளியாக யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்கும் முன் அந்தச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியப் போலீஸில் பயிற்சி முடித்து செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், ஜார்ஜ்டவுன் என்று முதல் போஸ்டிங் கிடைத்த தமிழ்ப் பெண்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சீருடை இல்லாமல் நிலையத்தில் அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கும், கம்பெனிகளில் போலீஸ் பந்துவானாக, அதாவது துணைப் போலீஸாக, இருப்பவர்களுக்கும் ஒரு பகுதி பொருந்தும். எது பொருந்தும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

நீங்கள் யாருடைய ஊழியர்?

அரச மலேசிய போலீஸ் படையில் இருந்தால் நீங்கள் அரசு ஊழியர். கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு உங்களுக்கு நேராகப் பேசுகிறது. அரசு வேலையில் மதம், இனம், பரம்பரை, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று முன்பு இருந்த வரியில், 2001-இல் பாலினமும் சேர்க்கப்பட்டது. அதே நேரத்தில், 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. தொழிலாளர் இலாகாவுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொழிற்சங்கமும் கிடையாது, போலீஸ், சிறை, இராணுவம் மூன்றிலும் சங்கத்தில் சேரச் சட்டமே இடம் தரவில்லை.

தனியார் கம்பெனியில் நிலைமை நேர் எதிர். மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் கர்ப்பமானதால் வேலையை இழந்தார். அவருடைய வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் சமத்துவ உரிமை அரசுக்கு எதிராகத்தான் செல்லும், தனியார் ஒப்பந்தத்துக்குள் நுழையாது என்று முடித்துவிட்டது. அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது 2023 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம். அதில் வந்த 69எஃப் பிரிவின்படி, வேலையில் பாகுபாடு என்ற புகாரைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

போலீஸ் பந்துவான் பெண்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். அதிகாரம் போலீஸ் சட்டத்தில் இருந்து வருகிறது, சம்பளம் கம்பெனியில் இருந்து வருகிறது. வேலைத் தகராறு என்று வரும்போது நீங்கள் கம்பெனியின் ஊழியர். தொழிலாளர் இலாகாதான் உங்கள் இடம். வேலையை விட்டே நீக்கிவிட்டால் தொழிலியல் உறவு இலாகாவில் 60 நாட்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். 61-ஆவது நாள் போனால் எவ்வளவு நல்ல கேஸாக இருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நடந்தது எது என்று பிரித்துப் பாருங்கள்

ஒரே மேலதிகாரி, ஒரே வருடம், ஒரே மனவேதனை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது இரண்டு மூன்று தனித்தனிப் புகாராக இருக்கலாம். பெண் என்பதால் பயிற்சிக்கு அனுப்பவில்லை, கர்ப்பம் என்பதால் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து பெயரை எடுத்தார்கள் என்றால் அது பாகுபாடு. அசிங்கமான பேச்சு, தொடுதல், இரவில் வரும் படம் என்றால் அது பாலியல் தொல்லை. இவற்றைப் பற்றிப் புகார் கொடுத்த பிறகு வருவது பழிவாங்கல். புகார்க் கடிதத்தில் இந்த மூன்றையும் ஒரே பத்தியில் கொட்டிவிட்டால் படிப்பவருக்கு எதுவும் நிற்காது.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒதுக்குவது பாலினப் பாகுபாடுதானா என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால், 2011-இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சொல்லுங்கள். தற்காலிக ஆசிரியையாக நியமிக்கப்பட்ட நூர்ஃபடில்லா, கர்ப்பமாக இருப்பதைச் சொன்னவுடன் நியமனத்தைத் திரும்பப் பெற்றார்கள். அது 8(2) பிரிவுக்கு எதிரான பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும் எடுத்துக் காட்டியது. அரசு வேலையில் இருக்கும் எந்தப் பெண்ணின் வழக்கறிஞரும் முதலில் தேடும் தீர்ப்பு இது. இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: முதலில் 300,000 ரிங்கிட் என்று வந்த இழப்பீடு, பிறகு 30,000 ரிங்கிட்டாகக் குறைக்கப்பட்டது. பணத்தை எண்ணிக்கொண்டு இந்த வழியில் இறங்குபவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பழிவாங்கல் எந்த முகத்தோடு வரும்

புதியவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"நீ புகார் கொடுத்தாய், அதனால் இந்தத் தண்டனை" என்று யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். மாற்றல் உத்தரவு வரும். அதில் 'சேவையின் தேவைக்காக' என்று இருக்கும். வருடக் கடைசியில் எல்.என்.பி.டி. (வருடாந்தர வேலைத்திறன் மதிப்பீடு) மதிப்பெண் திடீரென்று இறங்கும். வேறு யாரையும் கேள்வி கேட்காத சின்னத் தாமதத்துக்கு உங்களுக்கு மட்டும் சூராட் துஞ்சுக் செபாப், அதாவது காரணம் கேட்கும் கடிதம், வரும். கோர்ஸுக்குப் பெயர் போகாது. இரவு ஷிஃப்ட் தொடர்ந்து உங்கள் தலையிலேயே விழும். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் எல்லாமே சாதாரண நிர்வாகம். புகார் கொடுத்த தேதியையும் அவை நடந்த தேதிகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதும்போதுதான் உருவம் தெரியும்.

மலேசியாவில் பாலினச் சமத்துவத்துக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. 2022-ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தபோதும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதைத் தடுக்கும் பிரிவு அதில் இல்லை என்று பெண்கள் அமைப்புகள் மசோதா நிலையிலேயே குரல் கொடுத்தன. ஆகையால் பழிவாங்கலுக்கு என்று ஒரே ஒரு வாசல் நமக்கு இல்லை. மாற்றல் என்றால் ஒரு வழி, ஒழுங்கு நடவடிக்கை என்றால் வேறு வழி.

வெளிநாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் மாற்றல் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் போலீஸில் உளவுப் பிரிவில் இருந்த மல்ட்ரோ என்ற பெண் சார்ஜன்டை, வேறு வேலைக்கு மாற்றி அந்த இடத்தில் ஓர் ஆணை வைத்தார்கள். பதவியும் சம்பளமும் குறையவில்லை. ஆனால் ஒழுங்கான வேலை நேரம் போனது, வீட்டுக்கு எடுத்துப்போகும் வண்டி போனது, பிரிவின் மதிப்பும் போனது. 2024 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், மாற்றலால் ஏதோ ஒரு பாதிப்பு இருந்தால் போதும், அது பெரிய பாதிப்பாக இருக்க வேண்டியதில்லை என்று சொன்னது. இங்கே 'மாற்றல் நிர்வாகத்தின் உரிமை' என்ற பதிலோடுதான் எதிர்த்தரப்பு தொடங்கும். அதை உடைக்க, மாற்றலால் நீங்கள் இழந்தது என்ன, உத்தரவின் பின்னால் கெட்ட நோக்கம் இருந்தது எப்படித் தெரிகிறது என்ற இரண்டையும் காட்ட வேண்டும். சம்பளம் குறையவில்லை என்பதற்காக எதையும் இழக்கவில்லை என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

பழிவாங்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு: எதிர் வழக்கு. ஒரு நிறுவனத்தில் பெண் ஊழியர் ஒருவர் மேலதிகாரியின் பேச்சைப் பற்றிப் புகார் கொடுத்தார். மேலதிகாரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தன் பெயர் கெட்டது என்று அவர் அந்தப் பெண் மேலேயே வழக்குப் போட்டார். பெண் எதிர்க்கோரிக்கை வைத்தார். மேலதிகாரியின் வழக்கு தள்ளுபடி ஆனது. பெண்ணுக்கு 120,000 ரிங்கிட் இழப்பீடு கிடைத்தது. 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாலியல் தொல்லைக்காகச் சிவில் வழக்குப் போடலாம் என்ற கதவையும் முதல் தடவையாகத் திறந்துவிட்டது.

காகிதங்கள்

புகார் கொடுப்பதற்கு முன்பே, முதல் சம்பவத்தில் இருந்து, சொந்த நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன வார்த்தை. மலாயில் சொன்னதை மலாயிலேயே எழுதுங்கள்; தமிழாக்கி எழுதினால் பிறகு சரியான வார்த்தை என்ன என்ற விவாதம் வரும். 'மனம் உடைந்துபோனேன்' என்பதை எழுதலாம், ஆனால் அடுத்த வரியில் அன்று கிளினிக் போனதையும் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்ததையும் எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் மூலச் செய்தி அந்த போனிலேயே இருக்கட்டும். போன் மாற்றும்போது பழையதை விற்க வேண்டாம்.

புகாருக்கு முந்தைய வருடங்களின் எல்.என்.பி.டி. மதிப்பெண், பாராட்டுக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ் இவையெல்லாம் தங்கம். 'இவர் எப்போதுமே சரியாக வேலை செய்ததில்லை' என்ற பதில் கண்டிப்பாக வரும். அதற்கு இவைதான் மறுமொழி.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. உங்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் நகல் வேறு, நிலையத்தின் கோப்பு வேறு. 'ரஹ்சியா', 'சூலிட்', 'தெர்ஹாட்' என்று முத்திரை விழுந்த எதையும் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் விளையாட்டான சட்டம் இல்லை. புகார்தாரராக இருக்கும் உங்களைக் குற்றவாளியாக மாற்ற எதிர்த்தரப்புக்கு அதைவிடச் சுலபமான வழி கிடைக்காது. அப்படி ஓர் ஆவணம் இருக்கிறது என்று தெரிந்தால் அதன் தேதியையும் குறிப்பு எண்ணையும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். நீதிமன்றம் வழியாக அதைக் கேட்பது அவர் வேலை.

உள்ளே புகார் கொடுப்பது

வாய்மொழியாகச் சொன்னது புகார் ஆகாது. மலாயில், ஒன்றிரண்டு பக்கத்துக்குள், தேதி வரிசையில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். தொல்லை கொடுப்பவரே உங்கள் நேரடி அதிகாரி என்றால் அவர் வழியாகப் போக வேண்டியதில்லை. போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் ஒழுங்கையும் நேர்மையையும் பார்க்கும் ஜே.ஐ.பி.எஸ். என்ற இலாகா இருக்கிறது. அரசு ஊழியர் நடத்தை, கட்டொழுங்கு விதிகள் 1993-இல் 4ஏ என்ற விதி, பாலியல் தொல்லையைத் தனிக் குற்றமாகவே சொல்கிறது. புகாரில் அந்த விதியின் எண்ணைக் குறிப்பிடுங்கள். இலேசாக ஒதுக்கிவைப்பது கடினமாகும். தண்டனை எச்சரிக்கையில் தொடங்கி பதவி இறக்கம், வேலை நீக்கம் வரை போகலாம்.

அடுத்தது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் காரியம். வீட்டில் அழுதவுடன் அப்பாவோ மாமாவோ "அந்த ஒய்.பி. நமக்குத் தெரிந்தவர்தான், ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்று மக்கள் பிரதிநிதியைத் தேடிக் கிளம்புவார்கள். அன்பில் செய்கிறார்கள், சரி. ஆனால் அதே 1993 விதிகளின் 4-ஆவது விதியில், அரசுச் சேவை தொடர்பான தன் கோரிக்கைக்காக வெளியாள் செல்வாக்கைக் கொண்டுவருவதே ஒரு கட்டொழுங்குக் குற்றம். அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேசுவதும் அப்படித்தான். ஃபேஸ்புக் லைவ் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பதல்ல, போடவே வேண்டாம். தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2010-உம் இதே பக்கம்தான் நிற்கிறது: கட்டொழுங்குக் குற்றத்தை அமலாக்க நிறுவனத்திடம் சொன்னவருக்குப் பழிவாங்கலில் இருந்து பாதுகாப்பு உண்டு, பத்திரிகையிடம் சொன்னவருக்கு இல்லை.

புகார் கொடுத்த பிறகு உங்களுக்கே சூராட் துஞ்சுக் செபாப் வந்தால் பயந்து மன்னிப்புக் கடிதம் எழுதிவிடாதீர்கள். வேலை நீக்கமோ பதவி இறக்கமோ நோக்கமாக இருந்தால், பதில் எழுத 21 நாள் தர வேண்டும் என்பது விதி. பதில் சொல்லும் வாய்ப்பு தராமல் நீக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 135(2) பிரிவே சொல்கிறது. அந்த 21 நாளின் முதல் வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள். பதிலில் உங்கள் பழைய புகாரின் தேதியும் அதன் பிறகு நடந்தவையும் இடம் பெறட்டும். பிற்பாடு நீதிமன்றத்துக்குப் போனால் இந்தப் பதில் கடிதத்தைத்தான் நீதிபதி முதலில் படிப்பார்.

வெளியே இருக்கும் வாசல்கள்

தொட்டிருந்தால், ஆபாசமாகப் பேசியிருந்தால் அது குற்றமும்கூட. குற்றவியல் சட்டத்தின் 354, 509 பிரிவுகள் இதற்குத்தான். ரிப்போர்ட்டை உங்கள் நிலையத்திலேயே போட வேண்டும் என்றில்லை, எந்த நிலையத்திலும் போடலாம். ரிப்போர்ட் போட்டதற்காக அவதூறு வழக்கு வருமோ என்ற பயம் பலருக்கு உண்டு. போலீஸ் ரிப்போர்ட்டுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2012-இல் தீர்த்து வைத்துவிட்டது. பொய் ரிப்போர்ட் என்பது வேறு கதை, அதற்குத் தண்டனை உண்டு. அதே ரிப்போர்ட்டை நீங்களே வாட்ஸ்அப் குழுவில் பரப்பினால் அந்தப் பாதுகாப்பு கூடவே வரும் என்று எண்ண வேண்டாம்.

பாலியல் தொல்லை மட்டும் என்றால், எனக்குப் பிடித்த வாசல் நடுவர் மன்றம். 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2024 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது, புத்ராஜெயாவில் இருக்கிறது. அரசு ஊழியர், தனியார் ஊழியர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேச வேண்டும், எதிர்த்தரப்பும் அப்படித்தான். விசாரணை மூடிய அறையில் நடக்கும். விசாரணை தொடங்கிய நாளில் இருந்து 60 நாளுக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும். மன்னிப்புக் கேட்க வைக்கலாம், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு தரச் சொல்லலாம். ஆனால் பதவி உயர்வு மறுத்தது, மாற்றல் போட்டது இவற்றையெல்லாம் அங்கே கொண்டுபோக முடியாது. அதே விஷயம் ஏற்கனவே நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தாலும் எடுக்க மாட்டார்கள். எனவே எதை முதலில் தொடுவது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

2023 ஜூலை முதல் இயங்கும் ஐ.பி.சி.சி. என்ற சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம், போலீஸ்காரர் மேல் வரும் நடத்தைப் புகார்களை விசாரிக்கிறது. விசாரித்துப் பரிந்துரை செய்வதோடு அதன் கை நின்றுவிடும். தண்டிக்கும் அதிகாரம் போலீஸ் படை ஆணையத்தின் பக்கம் இருக்கிறது. மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் ஏறக்குறைய இப்படித்தான். இந்த இரண்டிலும் புகார் கொடுப்பதன் பயன், வெளியார் கையில் தேதியோடு ஒரு பதிவு உட்கார்ந்துவிடுகிறது என்பதே.

நீதிமன்றம்

பாகுபாடான முடிவையோ மாற்றலையோ ஒழுங்கு நடவடிக்கையையோ இரத்து செய்யக் கேட்பது சீராய்வு மனு. உயர் நீதிமன்றத்தில் முதலில் அனுமதி வாங்க வேண்டும். கோலாலம்பூர் என்றால் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம், பினாங்கு என்றால் லைட் ஸ்திரீட். காலக்கெடு, முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளில் இருந்து 3 மாதம். பெரும்பாலானவர்கள் இந்தக் கெடுவைத்தான் தவற விடுகிறார்கள். "உள்ளே அப்பீல் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும்" என்று காத்திருந்து, பதில் வரும்போது ஐந்து மாதம் ஆகியிருக்கும். அப்பீல் போடுங்கள், ஆனால் போட்ட அதே வாரம் வழக்கறிஞரிடம் இந்த 3 மாதக் கணக்கையும் கேளுங்கள்.

இழப்பீடு கேட்டு அரசின் மேல் போடும் சிவில் வழக்குக்கு 36 மாதம் உண்டு. தனி மனிதர் மேல் சொந்த முறையில் போடும் வழக்குக்குப் பொதுவாக 6 வருடம். ஆனால் அவர் அதைக் கடமையின்போது செய்தாரா என்ற சண்டை வரும் என்பதால் 36 மாதத்தையே மனத்தில் வையுங்கள். சிவில் வழக்கில் குற்ற வழக்கைப் போல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டாம். எது அதிகம் நம்பும்படி இருக்கிறது என்பதுதான் அளவுகோல்.

தனியாகப் போராடுவதா, மற்றவர்களோடு சேர்ந்தா என்பதையும் யோசியுங்கள். கனடாவின் கூட்டரசுப் போலீஸில் வேலை பார்த்த பெண்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2016-இல் சமரசம் ஏற்பட்டு, போலீஸ் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கடைசியில் 2,300-க்கும் அதிகமான பெண்களுக்கு மொத்தம் 12.5 கோடி கனடிய டாலர் போனது. இங்கே அந்த அளவுக்குக் கனவு காண வேண்டாம். ஆனால் அதே அதிகாரியிடம் முன்பு வேலை செய்து மாற்றலாகிப் போன பெண் யார் என்று விசாரித்துப் பாருங்கள். ஓய்வு பெற்றவர் என்றால் இன்னும் நல்லது, அவருக்கு இழக்க எதுவும் இல்லை.

யாரிடம் கேட்பது

வழக்கறிஞரைத் தேடும்போது 'குடும்ப வழக்கு, நில வழக்கு எல்லாம் பார்ப்போம்' என்பவரைவிட, அரசு ஊழியர் சீராய்வு மனு நடத்தியவரா என்று நேராகக் கேளுங்கள். முதல் சந்திப்புக்கு எவ்வளவு, முழு வழக்குக்கு எவ்வளவு, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு எவ்வளவு வரலாம் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். பணம் இல்லாதவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களை அணுகலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் டபிள்யூ.ஏ.ஓ., அவாம் என்ற பெண்கள் அமைப்புகளும், பினாங்கில் டபிள்யூ.சி.சி. என்ற மகளிர் மையமும் பல வருடங்களாக இந்தப் பெண்களோடு உட்கார்ந்து புகார் எழுத உதவி வருகின்றன. நள்ளிரவில் பேச ஆள் வேண்டும் என்றால் தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி, 15999.

போகும்போது அந்தத் தேதி வரிசைத் தாளின் மூன்று நகல், சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், கடைசி மூன்று வருட எல்.என்.பி.டி., புகாரின் முத்திரை விழுந்த நகல் இவற்றை ஒரே ஃபைலில் எடுத்துப் போங்கள். கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது, ஆனால் சாட்சி சொல்ல வேண்டிய சக ஊழியரை அழைத்துப் போகாதீர்கள்.